பொனுஸ்: ‘நல்ல’ என்ற லத்தீன் பெயரடையும் அதன் வாரிசுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீனில் ‘நல்ல’ என்பதற்குரிய சொல் பொனுஸ். ரோமானியர் தினமும் பலமுறை வாயில் போட்டுப் புரட்டிய சொல் இது. இன்றும் லிஸ்பனிலிருந்து புக்கரெஸ்ட் வரை கோடிக்கணக்கானவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் சொல்வது இதன் ஏதாவது ஒரு வாரிசைத்தான்.

படிக்கும் முன் உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் வரும் பொனுஸ், புவோனோ, போவா எல்லாவற்றிலும் முதலெழுத்தைத் ‘தம்பி’யில் வரும் ‘பி’ போல ஒலிக்க வேண்டும்; ‘பொன்’னில் வரும் ‘பொ’ போல ஒலிக்கக் கூடாது. இன்னொரு பக்கம் தமிழெழுத்து ஒரு பெரிய வசதி தருகிறது. ரோமானியர் குறில் நெடிலை எழுத்தில் வழக்கமாகக் காட்டியதில்லை. நாம் ஒகரம், ஓகாரம் என்று பிரித்தே எழுதலாம். இந்தச் சொல்லின் வரலாற்றில் பாதி அந்த ஒகரத்தில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு வாங்கும் போனஸும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் பங்குச் சந்தை வட்டாரத்தில், வரவேண்டியதற்கு மேல் கூடுதலாக வரும் தொகையை ‘நல்லது’ என்ற பொருளில் இந்த லத்தீன் சொல்லால் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் ‘நல்லது’ என்று சொல்ல லத்தீனில் பொனும் என்ற வடிவம் இருக்கிறது. பொனுஸ் என்று தனியே நின்றால் ‘நல்லவன்’ என்றுதான் பொருள். வியாபாரிகள் எடுத்துக்கொண்டது ஆண்பால் வடிவத்தை, அதுவே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது குறில் நெடிலாகிப் ‘போனஸ்’ ஆனது.

இந்தியாவில் அதை ஊழியரின் உரிமையாக்கியது 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம். பின்னர் வந்த திருத்தங்களோடு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று அது வரையறுத்தது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம்.

ஒரு பெயரடைக்கு ஏன் இத்தனை வடிவங்கள்? தமிழில் ‘நல்ல’ ஒன்றே போதுமே?

‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு’ என்று நாம் எதையும் மாற்றாமல் சொல்கிறோம். லத்தீனில் பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இணங்க வேண்டும். ஆண்பாலில் பொனுஸ், பெண்பாலில் பொன, நடுப்பாலில் பொனும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. நல்லன், நல்லள், நல்லர், நல்லது, நல்லன என்று குறிப்பு வினைமுற்று ஐம்பாலுக்கும் விகுதி ஏற்று வருவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த விகுதிகளைப் பயனிலையில் மட்டும் விடாமல், பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிக்கும் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லத்தீன் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் பால் பகுப்பு பொருளைப் பார்த்து அமைவது. லத்தீனின் பால் பகுப்பு பெரும்பாலும் சொல்லோடு பிறந்தது. கை பெண்பால், கால் ஆண்பால், தலை நடுப்பால். காரணம் தேடிப் பயனில்லை.

வேற்றுமைதோறும் எப்படி மாறும்?

ஒருமையில், ஆண்பால், பெண்பால், நடுப்பால் என்ற வரிசையில்:

எழுவாய்: பொனுஸ், பொன, பொனும்
இரண்டாம் வேற்றுமை (ஐ): பொனும், பொனம், பொனும்
ஆறாம் வேற்றுமை (உடைய): பொனீ, பொனை, பொனீ
நான்காம் வேற்றுமை (கு): பொனோ, பொனை, பொனோ
நீங்கல், கருவி, உடனிகழ்ச்சி (இல், ஆல், ஓடு): பொனோ, பொனா, பொனோ
விளி: பொனெ, பொன, பொனும்

பன்மையில் எழுவாய் பொனீ, பொனை, பொன. இரண்டாம் வேற்றுமை பொனோஸ், பொனாஸ், பொன. ஆறாம் வேற்றுமை பொனோரும், பொனாரும், பொனோரும். விளி எழுவாயைப் போலவே. மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று பாலிலும் பொனீஸ்.

பெண்பால் எழுவாயில் பொன, ‘ஓடு’ப் பொருளில் பொனா. ஒரே ஒரு மாத்திரை வேறுபாடு, பொருள் முற்றிலும் வேறு. லத்தீன் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் மாணவர்கள் தடுமாறுவார்கள். தமிழில் எழுதிப் படித்தால் தடுமாற வாய்ப்பே இல்லை. குறில் நெடில் பழகிய காது உள்ளவர்கள் லத்தீன் படிக்கத் தயங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வடிவங்கள் பெயரில்லாமல் தனியாகவும் நிற்கும். பொனீ என்றால் ‘நல்லோர்’. ரோமானிய வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான கிகரோ (சிசரோ) தன் அரசியல் தரப்பினரை, அதாவது செனட் சபையின் பக்கம் நின்றவர்களை, இப்படித்தான் அழைத்தார். நடுப்பால் பன்மையான பொன என்றால் ‘உடைமைகள், சொத்து’. உரிமை கோர ஆளில்லாத சொத்து அரசைச் சேரும் என்று சொல்லும் நம் அரசமைப்புச் சட்டத்தின் 296ஆம் பிரிவில் ‘போனா வேகன்ஷியா’ என்றொரு தொடர் வரும். அந்தப் ‘போனா’ இதுதான்.

கல்லூரியில் வாங்கும் போனஃபைடு சர்டிபிகேட்டில் இருப்பது எந்த வடிவம்?

பெண்பால் ஒருமை, ‘ஓடு’ப் பொருள்: பொனா ஃபிதே, ‘நல்ல நம்பிக்கையோடு’. ஃபிதேஸ் என்பது நம்பிக்கை, நாணயம், வாக்குத் தவறாமை. அது பெண்பால் சொல் என்பதால் பொனா. ரோமானியச் சட்டத்தில் ஒப்பந்தம் செய்தவர் வஞ்சகமில்லாமல் நடந்தாரா என்று பார்க்கும் அளவுகோல் இது. அங்கிருந்து ஆங்கிலச் சட்டத்துக்கு வந்து, ‘உண்மையான’ என்று பொருள் தளர்ந்து, இப்போது ‘இந்த மாணவர் எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறார்’ என்று முத்திரை குத்தித் தரும் தாளுக்குப் பெயராகியிருக்கிறது.

‘குயி பொனோ’ என்பதற்கு ‘என்ன பயன்’ என்று பொருளா?

இல்லை. ‘யாருக்கு நன்மையாக முடிந்தது?’ என்பதே பொருள். குயி ‘யாருக்கு’, பொனோ ‘நன்மைக்கு’: இரண்டும் நான்காம் வேற்றுமை. குற்றம் நடந்தால் அதனால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று முதலில் கேட்பது லூகியுஸ் கஸ்ஸியுஸ் என்ற நீதிபதியின் வழக்கம் என்று கிகரோ தன் வாதங்களில் சொல்கிறார். கி.மு. 80இல் ரோஸ்கியுஸ் என்பவருக்காக அவர் வாதாடிய கொலை வழக்கில் இந்தக் கேள்விதான் வாதத்தின் அச்சாணி. வழக்கறிஞர்கள் கட்டணமின்றி நடத்தும் வழக்குகளைக் குறிக்கும் ‘ப்ரோ போனோ’வில் இருப்பது வேறு வேற்றுமை. முழுத் தொடர் ‘ப்ரோ பொனோ பூப்ளிகோ’, ‘பொது நன்மையின் பொருட்டு’.

‘அதைவிட நல்ல’, ‘எல்லாவற்றிலும் நல்ல’ என்பதற்குச் சம்பந்தமில்லாத சொற்கள் வருவது ஏன்?

பொனுஸ், மெலியோர், ஒப்திமுஸ். மூன்றும் மூன்று வேர்கள். மெலியோர் என்பதன் வேர் முதலில் ‘மிகுதி, வலிமை’ என்ற கருத்தில் இருந்தது. ‘பல’ என்று பொருள்படும் முல்துஸ் அதன் உறவு. ஒப்திமுஸ் ‘செல்வம், வளம்’ என்ற பொருளுள்ள ஒப்ஸ் என்பதிலிருந்து வந்தது. அடிப்படையில் ‘மிக வளமான’. ரோமின் தலைமைக் கடவுளுக்கு இயுப்பிதெர் ஒப்திமுஸ் மாக்ஸிமுஸ் என்று பெயர். பேரரசன் திராயானுக்கு கி.பி. 114இல் ‘ஒப்திமுஸ்’ முறையான பட்டமாகவே சேர்ந்தது.

இது லத்தீனின் விநோதம் மட்டுமில்லை. ஆங்கிலத்திலும் ‘குட், பெட்டர், பெஸ்ட்’ என்று முதல் சொல்லுக்கும் மற்ற இரண்டுக்கும் வேர் வேறு. அடிக்கடி புழங்கும் சொற்கள்தான் இப்படி ஒழுங்கை மீறும். குழந்தை அவற்றைத் தினமும் கேட்டு அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வதால் யாருக்கும் அவற்றைத் திருத்தத் தோன்றுவதில்லை. எப்போதோ ஒருமுறை வரும் சொல் என்றால் பொது விதிக்குள் போய் அடங்கிவிடும்.

பொனுஸுக்கு முந்தைய வடிவம் என்ன? எப்படித் தெரியும்?

துவெனொஸ். பிறகு துவொனொஸ். பிறகு பொனுஸ். இது யூகமில்லை, களிமண்ணிலும் கல்லிலும் இருக்கிறது.

1880இல் ரோமின் குயிரினால் குன்றில் ஹைன்ரிஹ் திரெஸல் என்ற அறிஞர் ஒரு பாத்திரத்தைக் கண்டெடுத்தார். மூன்று சிறு குப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிய கருநிறப் பாத்திரம்; இப்போது பெர்லினில் இருக்கிறது. அதைச் சுற்றி வலமிருந்து இடமாக, சொற்களுக்கிடையே இடைவெளியே இல்லாமல் எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. கிறிஸ்துவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதன் பெரும்பகுதி இன்னும் அறிஞர்களிடையே சச்சரவில்தான் கிடக்கிறது. ஆனால் ‘துவெனொஸ் மேத் ஃபெகெத்’ என்ற மூன்று சொற்கள் பளிச்சென்று தெரிகின்றன: ‘நல்லவன் என்னைச் செய்தான்’. (துவெனொஸ் என்பதை ஆளின் பெயராகவும் கொள்ளலாம், அப்போதும் சொல் அதுவே.) கொஞ்சம் தள்ளி மலொஸ் என்ற சொல்லும் வருகிறது: கெட்டவன். பாத்திரமே வாய் திறந்து பேசுவதைப் போல அமைத்திருக்கிறார்கள்.

அடுத்த சான்று ஸ்கிப்பியோ குடும்பத்துக் கல்லறை. கி.மு. 259இல் கான்சலாக (ரோமின் தலைமை ஆட்சியாளராக) இருந்த லூகியுஸ் கொர்னேலியுஸ் ஸ்கிப்பியோவின் கல்வெட்டு, ‘நல்லோருள் இவனே மிக நல்லவன் என்று ரோமில் பெரும்பாலோர் ஒப்புகின்றனர்’ என்று சொல்கிறது. அங்கே ‘நல்லோருள்’ என்பதற்குச் செதுக்கியிருப்பது துவொனோரோ. ‘மிக நல்லவன்’ என்பதற்கு ஒப்துமோ. பிற்கால இலக்கணப்படி பொனோரும், ஒப்திமும் என்று வரவேண்டியவை. ஒரே கல்லில் இரண்டு பழைய வடிவங்கள் பக்கம் பக்கமாக.

சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘துவ்’ லத்தீனில் ‘ப்’ ஆனது. (அதே ‘தம்பி’ப் பகரம்தான்.) இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்ததில்லை. போருக்குப் பழைய சொல் துவெல்லும், பின்னர் பெல்லும். இருமுறை என்பதற்குத் துவிஸ், பின்னர் பிஸ். ஒரே நிலையில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருவதால்தான் அதை விதி என்கிறோம்.

தமிழ்ப் ‘பொன்’னிலிருந்து பொனுஸ் வந்தது என்று படித்தேனே?

வரவில்லை. மேலே சொன்ன பாத்திரமும் கல்வெட்டுமே பதில். இரண்டுக்கும் இடையே தெரியும் ஒற்றுமை ‘பொன்’ என்ற தொடக்கம் மட்டும்தான். லத்தீன் சொல்லின் பழைய வடிவத்தில் அந்தத் தொடக்கமே கிடையாது. அங்கே நிற்பது தகரம். பின்னோக்கிப் போகப் போக உறவுச் சொற்கள் நெருங்கி வரவேண்டும். இவை விலகிப் போகின்றன. ‘பொன்’னின் உண்மையான உறவைக் காண வேண்டுமென்றால் கன்னடத்து ‘ஹொன்னு’வைப் பாருங்கள். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் ஹகரம் பெறுவதை பால்–ஹாலு, பல்–ஹல்லு என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

தமிழின் தொன்மைக்கு இப்படிப்பட்ட போலிச் சான்றுகள் தேவையே இல்லை. ஓசை ஒத்துப்போகிறது என்று கண்ட சொல்லையெல்லாம் நமதாக்குவது, நம் மொழியில் உண்மையாக நடந்திருக்கும் ஆய்வுகளின் மதிப்பையும் சேர்த்துக் குறைக்கிறது. இதை வலியச் சொல்ல வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

ஒரே சொல் இத்தாலியில் புவோனோ, ஸ்பெயினில் புவேனோ, பிரான்சில் போன், போர்ச்சுகலில் போம், ருமேனியாவில் புன் என்று ஆனது எப்படி?

முதல் அசையில் இருக்கும் குறில் ஒகரம்தான் காரணம். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேச்சு லத்தீனில் குறில் நெடில் அளவு மறைந்து, பழைய குறில் ஒகரம் வாயை அகலத் திறந்து சொல்லும் ஒலியானது. பழைய நெடில் ஓகாரம் வாய் குவிந்த ஒலியானது. அழுத்தம் விழும் இடத்தில் அந்த அகன்ற ஒலி பல ஊர்களில் இரண்டாகப் பிளந்தது. இத்தாலியில் ‘உவோ’: புவோனோ. காஸ்தீலிய ஸ்பானிஷில் ‘உவே’: புவேனோ.

பழைய நெடிலுக்கு இந்தப் பிளவு நேரவில்லை என்பதற்குப் பக்கத்திலேயே சோதனைச் சொல் இருக்கிறது. கொடை என்பதற்கு லத்தீன் தோனும், ஓகாரம் நெடில். அது இத்தாலியில் தோனோ, ஸ்பானிஷில் தோன். பிளவே இல்லை. பொனுஸுக்கும் தோனுமுக்கும் எழுத்தில் ஒரே ‘ஓ’தான், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகளைப் பார்த்தே எது குறில், எது நெடில் என்று சொல்லிவிடலாம்.

அழுத்தமும் இன்றியமையாதது. ‘நன்மை’ என்பதற்குரிய பொனிதாஸ் என்ற பெயர்ச்சொல்லின் இரண்டாம் வேற்றுமையில் அழுத்தம் பின்னுக்குப் போய்விடுகிறது: பொனிதாதெம். அதனால் முதலசை பிளக்கவில்லை. இத்தாலியில் புவோனோ, ஆனால் பொந்தா. ஸ்பானிஷில் புவேனோ, ஆனால் பொந்தாத். ஸ்பானிஷ் படிக்கும் மாணவர்கள் விதிவிலக்கு என்று எண்ணி உருப்போடும் இந்த இணை, விதி ஒழுங்காக வேலை செய்ததன் விளைவு.

பிரெஞ்சில் கதை இன்னும் சுவையானது. இன்றைய போன் என்பதில் பிளவு இல்லை. கடைசி ‘ன்’ மூக்கொலியாகக் கரைந்திருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் பிளவு இருந்தது. கி.பி. 880 அளவில் எழுதப்பட்டு, இப்போது வாலன்சியேன் நகர நூலகத்தில் இருக்கும் எவுலாலியா பாடல், கிடைத்திருக்கும் பிரெஞ்சுக் கவிதைகளில் மிகப் பழையது. அதன் முதல் வரி: ‘புவோனா புல்செல்லா ஃபுத் எவுலாலியா’, நல்ல கன்னியாக இருந்தாள் எவுலாலியா. பிரெஞ்சுக் கவிதையின் முதல் சொல்லே நம் பெயரடை, அதுவும் பிளந்த வடிவத்தில். பிறகு, பெயருக்கு முன்னால் ஒட்டி விரைவாகச் சொல்லும்போது அழுத்தம் இழந்த போன் வடிவமே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

போர்ச்சுகீசியத்தில் ஒகரம் பிளக்கவே இல்லை. அங்கே தாக்குப்பட்டது னகரம். இரு உயிர்களுக்கிடையே வந்த னகரம் உதிரும். நிலவுக்கு ஸ்பானிஷில் லூனா, போர்ச்சுகீசியத்தில் லூவா. அதே மாதிரி பெண்பால் பொன, போவா ஆனது. ஆண்பாலில் மூக்கொலி எஞ்சிப் போம் ஆனது. ருமேனியத்தில் மூக்கெழுத்துக்கு முன் வரும் ஒகரம் உகரமாகும்: மலைக்கு லத்தீன் மொந்தெம், ருமேனியம் முந்தெ. அதனால் புன். கட்டலானில் ஆண்பாலில் ஈற்று னகரம் போய் வெறும் பொ, பெண்பாலில் பொன. சார்தீனியத் தீவில் மட்டும் பொனு. அந்தத் தீவின் பேச்சு பல விஷயங்களில் லத்தீனுக்கு மிக அருகில் நின்றுவிட்டது.

நெப்போலியனின் பெயரிலும் இது இருக்கிறதா?

இருக்கிறது. 1769இல் கோர்சிகாத் தீவின் அஜாக்சியோவில் பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் புவோனபார்த்தே: ‘நல்ல பக்கம்’. பார்த்தே பெண்பால், அதனால் புவோனா. 1796இல் இத்தாலியப் படையெடுப்புக் காலத்தில் அவர் உகரத்தை நீக்கிப் பொனபார்த் என்று கையொப்பமிடத் தொடங்கினார். இத்தாலியப் பிளவை எடுத்துவிட்டுப் பிரெஞ்சு ஒலியைப் போட்டுக்கொண்டார். அவரைப் பிடிக்காதவர்கள், குறிப்பாக ஆங்கிலேயர், அவர் அந்நியர் என்று நினைவூட்ட வேண்டி ‘புவோனபார்த்தே’ என்றே எழுதிவந்தார்கள்.

பன்மை சில மொழிகளில் ‘ஸ்’ என்றும் சிலவற்றில் ‘இ’ என்றும் முடிவது ஏன்?

ஸ்பானிஷ் புவேனோஸ், புவேனாஸ் ஆகியவை இரண்டாம் வேற்றுமைப் பன்மையான பொனோஸ், பொனாஸ் வழி வந்தவை. இத்தாலிய புவோனி, புவோனே ஆகியவை எழுவாய் வடிவங்களான பொனீ, பொனை போல உயிரில் முடிகின்றன. ருமேனியமும் அந்தப் பக்கம்தான். வட இத்தாலியில் லா ஸ்பேட்ஸியாவையும் ரிமினியையும் இணைத்து மொழியியலார் இழுக்கும் கோட்டுக்கு மேற்கே ஒரு வழக்கு, கிழக்கே இன்னொன்று. நடுப்பால் ஏறக்குறைய எங்கும் கரைந்துவிட்டது. ஸ்பானிஷில் ‘லோ புவேனோ’ (நல்லது) என்று சொல்லும்போது அதன் நிழல் தெரியும்.

மெலியோரும் ஒப்திமுஸும் என்ன ஆயின?

மெலியோர் நன்றாகவே வாழ்கிறது: இத்தாலியில் மில்யோரே, ஸ்பானிஷில் மெஹோர், போர்ச்சுகீசியத்தில் மெல்யோர், பிரெஞ்சில் மெய்யர். ருமேனியம் அதைக் கைவிட்டு ‘மை புன்’ என்கிறது, ‘மேலும் நல்ல’. ஒப்திமுஸ் மக்கள் பேச்சில் தேய்ந்து, பின்னர் படித்தவர்கள் வழியாகத் திரும்பி வந்தது. ஆப்டிமிசம், ஆப்டிமைஸ் எல்லாம் அப்படி வந்தவை. போர்ச்சுகீசியத்தில் ஓட்டிமு என்பது ‘பிரமாதம்’ என்று நாம் சொல்வதைப் போல அன்றாடச் சொல்லாகிவிட்டது.

‘நன்றாக’ என்ற வினையடை?

பெனெ. இதுவும் அதே வேர். துவெனொஸின் எகரம் இங்கே அப்படியே தங்கிவிட்டது. வாரிசுகள் இத்தாலிய பேனே, பிரெஞ்சு பியன், ஸ்பானிஷ் பியென், போர்ச்சுகீசிய பேம், ருமேனிய பினெ. நம் ஊர்க் கத்தோலிக்கரிடையே புழங்கும் பெனடிக்ட் என்ற பெயர் ‘நன்கு சொல்லப்பட்டவர்’, அதாவது ஆசி பெற்றவர். அழகான என்று பொருள்படும் பெல்லுஸும் இந்த வேரின் குறுமை வடிவம். ‘நல்ல’ என்பதைக் கொஞ்சிச் சொன்னால் ‘அழகான’ ஆகிவிட்டது. பிரெஞ்சு போ, பெல் இரண்டும் அதன் வழி.

வாழ்த்துச் சொற்களில் ஒருமை பன்மையும் பாலும் ஏன் மாறுகின்றன?

ஸ்பானிஷில் புவேனோஸ் தீயாஸ் என்று பன்மையில் வாழ்த்துகிறார்கள். இத்தாலியில் புவோன் ஜோர்னோ, பிரெஞ்சில் போன்ஜூர், போர்ச்சுகீசியத்தில் போம் தீயா என்று ஒருமை. இரவு எல்லா மொழியிலும் பெண்பால் என்பதால் பிரெஞ்சில் பொன் நுயி, போர்ச்சுகீசியத்தில் போவா நோய்தே. பகலில்தான் வேடிக்கை: ருமேனியர் பகலுக்கும் பெண்பாலில் ‘புன ஸீவா’ என்பார்கள். லத்தீனிலேயே தியேஸ் (நாள்) என்ற சொல் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வழங்கியது. மேற்கு ஒன்றை எடுத்துக்கொண்டது, கிழக்கு மற்றதை.

ருமேனியத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாரிசுகள் புனிக், புனிக்க: தாத்தா, பாட்டி. இரண்டும் ‘நல்ல’ என்ற புன் என்பதிலிருந்து பிறந்தவை.

மும்பையின் பழைய பெயர் போர்ச்சுகீசியத்தில் ‘நல்ல விரிகுடா’ என்பது உண்மையா?

பம்பாய் என்பது ‘போம் பாயியா’ என்ற தொடரின் திரிபு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். போர்ச்சுகீசிய இலக்கணமே அதை மறுக்கிறது. விரிகுடா பெண்பால், ‘நல்ல விரிகுடா’ என்றால் ‘போவா பாயியா’ என்றுதான் வரும். மூன்று வயதுப் போர்ச்சுகீசியக் குழந்தைகூடப் ‘போம் பாயியா’ என்று சொல்லாது. மும்பாதேவியின் பெயரோடு சேர்ந்த உள்ளூர்ப் பெயரே அந்நியர் வாயில் மாறியது என்பதுதான் பொருந்துகிறது.

உண்மையான போர்ச்சுகீசியப் பெயர் வேண்டுமானால் ‘காபு த போவா எஸ்பெரான்சா’வைப் பாருங்கள். நம்பிக்கை பெண்பால், அதனால் போவா. 1488இல் பார்த்தொலொமேயு தியாஸ் சுற்றிவந்த அந்த ஆப்பிரிக்க முனையைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘நன்னம்பிக்கை முனை’ என்று அழகாகவே தமிழாக்கியிருக்கின்றன.

புவேனோஸ் அய்ரெஸ்?

‘நல்ல காற்றுகள்’. 1536இல் பேத்ரோ தெ மென்தோசா அமைத்த குடியிருப்புக்கு, கடலோடிகள் வேண்டிக்கொள்ளும் ‘நற்காற்று மாதா’வின் பெயர் வைக்கப்பட்டது. அந்த வழிபாடு சார்தீனியாவின் காலியரி நகரில் உள்ள பொனாரியா குன்றிலிருந்து பரவியது.

ஆங்கிலத்தில் வேறென்ன வாரிசுகள்? எவை போலிகள்?

பவுண்ட்டி (கொடை, வெகுமதி) பொனிதாஸ் வழி பிரெஞ்சு மூலம் வந்தது. பான்பான் மிட்டாய், ‘நல்ல நல்ல’ என்ற குழந்தைப் பேச்சின் இரட்டிப்பு. போனான்சா என்று துணிக்கடை விளம்பரத்தில் பார்க்கும் சொல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கிரேக்கத்தில் மலக்கியா என்றால் மென்மை, கடலைப் பற்றிச் சொன்னால் அலையற்ற அமைதி. லத்தீன் பேசியவர்கள் காதுக்கு அதில் மலுஸ், அதாவது ‘கெட்ட’, ஒலித்தது. அமைதியான கடலை எப்படிக் கெட்டது என்பது என்று, முன்பாதியை மாற்றிப் பொனாகியா ஆக்கிவிட்டார்கள். அது ஸ்பானிஷில் ‘நல்ல வானிலை’ ஆகி, அமெரிக்கச் சுரங்கங்களில் ‘செழித்த தாதுப் படிவு’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கொழுத்த அதிர்ஷ்டம்’ ஆனது.

போலிகளில் முதலாவது பான்ஃபயர். அது எலும்பு எரித்த நெருப்பு. முன்பாதி ஆங்கிலத்தின் ‘போன்’, எலும்பு. வரம் என்ற பொருளில் வரும் பூன் பழைய நார்ஸ் மொழிச் சொல். ‘பூன் கம்பேனியன்’ (உற்ற தோழன்) என்ற தொடரில் வரும் பூன் மட்டும் பிரெஞ்சு போன்.

இதே போல இன்னொரு சொல்லை நானே சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ‘புதிய’ என்ற நொவுஸ் எடுத்துக்கொள்ளுங்கள், குறில் ஒகரம். இத்தாலியில் நுவோவோ, ஸ்பானிஷில் நுவேவோ என்று பிளந்திருக்கும், பிரெஞ்சில் நெஃப், போர்ச்சுகீசியத்தில் பிளவின்றி நோவு. பக்கத்தில் ‘தனியான’ என்ற ஸோலுஸ் வையுங்கள், நெடில் ஓகாரம். இத்தாலி, ஸ்பெயின் இரண்டிலும் ஸோலோ. அடுத்து, ‘முட்டை’க்கு இத்தாலியில் உவோவோ, ஸ்பானிஷில் உவேவோ. ஆனால் லத்தீன் அகராதியில் அந்தச் சொல் ஓவும் என்று நெடிலில் தொடங்குவதைப் பார்த்துக் குழம்புவீர்கள். பேச்சு லத்தீனில் அது அகன்ற ஒகரத்தோடு வழங்கியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவுகட்டியது, இந்தப் பேரப்பிள்ளைகளைக் கண்டுதான்.